மாவீரர் (பொறுப்பு), நீலசந்திரா

தண்ணீர் லாரியின் பின்சக்கரம் இரண்டும் சாக்கடைக்குள் இறங்கிவிட்டன. ஆறாயிரம் லிட்டர் தண்ணீரோடு லாரி ஒரு பக்கமாகச் சாய, அந்தப் பக்கம் குடத்தோடு நின்ற பதினேழு பேரும் ஓட இடமில்லாமல் வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்ள, நாராயணசாமி லாரிக்கு அடியில் புகுந்து தோளைக் கொடுத்தார். லாரி நின்றது.

அந்தச் சமயத்தில் நான் குனிந்து அவரிடம் ஒரு படிவத்தை நீட்டினேன்.

"நாராயணசாமி, உங்க லீவு சாங்ஷன் ஆயிடுச்சு. ஒரு கையெழுத்து வேணும்."

"சார், கையில லாரி இருக்குது."

"இடது கையிலதானே இருக்கு. வலது கை சும்மாத்தானே இருக்கு?"

அவர் வலது கையால் கையெழுத்துப் போட்டார். லாரி நான்கு அங்குலம் இறங்கியது. பெண்கள் சிலர் என்னைப் பற்றி ஏதோ சொன்னார்கள். கன்னடமும் தமிழும் உருதுவும் கலந்திருந்ததால் முழுமையாகக் குறித்துக்கொள்ள முடியவில்லை.

நிர்வாகம் என்ற மகத்தான கலை மனித குலத்துக்குக் கிடைத்திராவிட்டால், வீரம் என்ற காட்டுமிராண்டிப் பழக்கம் இன்றைக்கும் தெருத்தெருவாக அவிழ்த்துவிட்ட மாடாகத் திரிந்துகொண்டிருக்கும். இது என் நெடுநாளைய கருத்து. பெங்களூர்ப் பெருநகர மாவீரர் ஒழுங்கமைப்பு வாரியத்தின் துணைச் செயலாளர் தேசிகன் என்ற முறையில், 2003ஆம் ஆண்டு மே மாதம் நீலசந்திராவில் நாங்கள் நடத்திக்காட்டிய பொறுப்பு மாற்றத்தை வருங்காலத் தலைமுறைக்காகப் பதிவு செய்ய வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

முதலில் நாராயணசாமியைப் பற்றி. நீலசந்திராவுக்குப் பதினேழு வருஷமாக மாவீரர். சீருடை என்று பார்த்தால் ஒரு காக்கிச் சட்டை, மடித்துக் கட்டிய லுங்கி, குளிர் மாதங்களில் அதன் மேல் ஒரு ஸ்வெட்டர். ஒரு பஸ்ஸைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடுவார். ஆனால் பறக்கத் தெரியாது. பேட்டி கொடுக்கத் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. இது தியாகம் என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள். தணிக்கையில் இதைத்தான் 'ஒழுங்கீனம்' என்று எழுதினார்கள். உரிமையை அனுபவிக்க மறுப்பதும் ஒரு வகைக் கீழ்ப்படியாமைதானே.

நல்ல வேளையாக, ஆம்பூரில் கட்டிக்கொடுத்திருந்த அவர் மகள் மகாவுக்குத் தலைப்பிரசவம் வந்தது. நான்கு நாள் கேட்டார். பத்து நாள் கொடுத்தோம். வாரியத்தின் தாராளத்துக்கு இது ஓர் உதாரணம். நான்கு நாளுக்கான படிவம் எங்களிடம் இல்லை என்பது வேறு விஷயம்.

"பத்து நாளு வாணாம் சார். மே மாசம். சாயங்கால மழை பிடிச்சிக்கும்."

"மழைக்கு ஆள் போட்டாச்சு" என்றேன்.

போட்ட ஆள் ரோஹன். கோரமங்கலாவின் மாவீரர். வயது இருபத்தாறு. எங்கள் வாரியத் தலைவர் சீனிவாசராகவன், ஓய்வு பெற்ற தலைமைப் பொறியாளர், அவருடைய ஒரே மகன். இது தற்செயல். ரோஹன் பறப்பார். கோரமங்கலாவில் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் பறந்து காட்டுவார். அங்கே அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை. புதிய அடுக்குமாடிகளின் விளம்பரப் பலகைகளில் 'மாவீரர் தெரியும் பால்கனி' என்றே போட்டிருந்தார்கள். நீலநிற உடை, முதுகில் வெள்ளித் துணி, இடுப்பில் இரண்டு செல்போன்.

பொறுப்பு மாற்றத்துக்கு முன் 'அறிவுப் பரிமாற்றம்' என்று ஒரு சடங்கு உண்டு. கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஒருவர் சீட்டை விட்டு எழுந்தால் அடுத்தவருக்குத் தன் மூளையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிற ஏற்பாடு. அதை வாரியத்துக்குக் கொண்டுவந்த பெருமை ரோஹனையே சாரும். லாங்ஃபோர்டு டவுனில் எங்கள் கூட்ட அறை. ஜன்னலில் கறுப்புத் துணி, சுவரில் ப்ரொஜெக்டர் வெளிச்சம். தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். நாராயணசாமி நாற்காலியின் நுனியில். முழுதாக உட்கார்ந்தால் அது உடையும். முன்பு இரண்டு உடைந்திருக்கின்றன.

"அங்கிள், உங்க டெய்லி ஆக்டிவிட்டி என்னன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க. நான் டைப் பண்ணிக்கறேன்" என்றார் ரோஹன்.

"காலையில ஆறு மணிக்குத் தண்ணி லாரி வரும் தம்பி. போய் நிக்கணும்."

"நின்னு?"

"சும்மா நிக்கணும்."

"நின்னுண்டு என்ன பண்ணுவேள்?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். நான் நின்னா சண்ட வராது."

ரோஹன் தட்டினார். சுவரில் எழுத்து விழுந்தது: 'தண்ணீர் லாரி: வீண் நேரம், தினம் ஒரு மணி.'

"அப்புறம் பதினோரு மணிக்கு, கோயில் முனையில ஒரு கரண்டு கம்பம். அதப் பிடிச்சு நேரா வெச்சுட்டு வரணும்."

"டெய்லியா?"

"அது டெய்லி சாயுதே."

'கம்பம்: தேவையற்ற மறுவேலை.'

"அப்புறம் முக்கியமானது, சரளா ஊட்டாண்ட சுவரு." நாராயணசாமி இப்போது எழுந்தே நின்றுவிட்டார். "ஒரு வரிசையில எட்டு ஊடு தம்பி. பின்னால இருபதடி கல் சுவரு. அதுக்கு மேல அபார்ட்மென்ட்டுக்காரங்க மண்ணக் கொட்டித் தோட்டம் போட்டிருக்காங்க. மழ பேஞ்சா மண்ணு ஊறி, சுவரு வவுறு தள்ளிக்கும். மழ ஆரம்பிச்ச ஒடனே போய் முதுகு குடுக்கணும். தண்ணி வடியற வரைக்கும் நிக்கணும். நடுவுல எடுக்கவே கூடாது."

"ஓகே. கடைசியா எப்ப விழுந்தது?"

"எது?"

"அந்தச் சுவர்."

"விழலியே தம்பி. நான் நிக்கிறேன்ல."

"எத்தன வருஷமா?"

"மண்ணு கொட்டினதுலேர்ந்து. பதினோரு வருஷம்."

"பதினோரு வருஷத்துல இன்சிடென்ட் ஜீரோ."

"ஜீரோதான்."

"அப்ப ப்ராப்ளம் எங்க இருக்கு அங்கிள்?"

இவ்வளவு எளிய கேள்வியைப் பதினோரு வருஷமாக ஒருவரும் கேட்கவில்லையே என்று நான் வெட்கப்பட்டேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொறியாளராக முப்பத்தைந்து வருஷம் இருந்தவர்; சுவர்களைப் பற்றி அவருக்குத் தெரியாததில்லை. நேரில் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"விழாத சுவருக்கு ஒரு மாவீரரை முட்டுக்கொடுக்க வெச்சிண்டிருக்கோம். இது வேஸ்ட் இல்லையா, தேசிகன்?"

"சுத்த வேஸ்ட் சார்."

பட்டியலின் அச்சுப் பிரதியில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். நாராயணசாமி என் பக்கம் குனிந்தார்.

"சார், வேற எத வாணா அடிங்க. அந்த ஒரு வரிய உட்டுடுங்க."

"சும்மா ஒரு கோடு. அப்புறம் பார்த்துக்கலாம், நீங்க கவலப்படாம போயிட்டு வாங்க."

அன்று மத்தியானமே சரளா வாரியத்துக்கு வந்துவிட்டாள். தொம்மலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் தரை துடைக்கும் வேலை. நீல கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். அவள் புருஷன் எத்திராஜ் பெயிண்டர். இரண்டு மாதத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தான்.

"என்னா சார், சாமியண்ணன் ஊருக்குப் போறாராமே. எங்க சுவத்துக்கு யாரு?"

நான் ரோஹனை அறிமுகம் செய்துவைத்தேன். அவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"பின்னால தொங்குதே, அது இன்னாத்துக்கு?"

"அது பிராண்டிங்" என்றார் ரோஹன்.

"தொடச்சா தண்ணி உறிஞ்சுமா?"

"இல்ல. ஸில்க்."

"அப்ப அதுக்கும் லாயக்கில்ல" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "சார், எங்க ஊட்டுக்காரரு தானா எந்திரிக்க முடியாது. மழ வந்தா மத்தவங்க ஓடிடுவாங்க. அவரு ஓட மாட்டாரு. இத மட்டும் எழுதி வெச்சிக்கங்க."

எழுதி வைத்துக்கொண்டேன். எந்தக் கோப்பில் என்று நினைவில்லை.

ரோஹனின் ஆட்சி தொடங்கியது. முதல் நாளே புகார்களைக் கம்ப்யூட்டர் மயமாக்கினார். இனி ஜன்னலைத் திறந்து 'அண்ணே' என்று கத்துவதெல்லாம் கிடையாது. ஏரியாவில் இருந்த ஒரே பிரௌசிங் சென்டர் விக்கி என்பவனுடையது. மூன்று கம்ப்யூட்டர், அதில் ஒன்று நிரந்தரமாகப் படுத்திருக்கும். அங்கே போய், வரிசையில் நின்று, ஆங்கிலப் படிவத்தை நிரப்பினால், புகாருக்கு ஓர் எண் வரும். எண் வந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். ரோஹன் அந்த இடத்தில் கால் வைத்த நொடியில் கடிகாரம் நிற்கும். புகாரும் அத்தோடு முடிந்தது. 'சென்றடைதலே சேவை' என்பது அவர் கொண்டுவந்த கொள்கை.

இரண்டாம் நாள் கோயில் முனைக் கம்பம் ஒரு இஸ்திரி வண்டியின் மேல் சாய்ந்தது. ரோஹன் முப்பத்தொன்பது நொடியில் வந்து இறங்கினார். இடுப்பில் கை வைத்து நின்றார். போட்டோ எடுத்தார்கள்.

"சார், தூக்குங்க" என்றார் இஸ்திரிக்காரர்.

"தூக்கறது என் ஸ்கோப்புல வராது. நான் ரெஸ்பான்ஸ். ரெசல்யூஷன் வேற டீம்."

"அந்த டீமு எங்க சார்?"

"ஆம்பூர்ல. லீவுல இருக்கார்."

மூன்றாம் நாள் சரளா விக்கியின் கடையில் ஒன்றரை மணி நேரம் நின்று, 'சுவர் விழலாம்' என்று ஒரு புகார் கொடுத்தாள். கம்ப்யூட்டர் அதை ஏற்கவில்லை. நடந்தவற்றுக்கு மட்டுமே அதில் கட்டம் உண்டு. அவள் எனக்குப் போன் போட்டாள்.

"'விழலாம்'னா அது புகார் இல்லம்மா, அபிப்பிராயம்" என்று விளக்கினேன். "விழுந்ததும் குடுங்க. உடனே எடுத்துப்பாங்க."

"விழுந்தப்புறம் நான் எங்கேர்ந்து சார் குடுக்கறது?"

"விக்கி கடையிலேர்ந்துதான்."

அவள் போனை வைத்துவிட்டாள். பொதுமக்களுக்கு நடைமுறைகள் பழகச் சற்றுக் காலம் பிடிக்கும்.

முதல் வார அறிக்கை வந்தபோது வாரியமே நிமிர்ந்து உட்கார்ந்தது. நாராயணசாமியின் கணக்கில் போன வருஷம் பூராவும் பதிவான அசம்பாவிதங்கள் இரண்டு. ரோஹனோ ஒரே வாரத்தில் பதினான்கைத் தொட்டிருந்தார். தண்ணீர் லாரிச் சண்டையில் மட்டும் மண்டை உடைந்தது ஐந்து பேருக்கு. ஐந்து இடத்துக்கும் நாற்பது நொடிக்குள் போய் நின்றிருந்தார். ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் இணைப்பிதழில் முழுப் பக்கம் படம் வந்தது. தலைவர் அதைக் கத்தரித்து எனக்குக் காட்டினார்.

"பாத்தேளா தேசிகன்? அந்த மனுஷர் பதினேழு வருஷமா என்னதான் பண்ணிண்டிருந்தார்?"

"சும்மா நின்னுண்டிருந்தார் சார்."

ஒன்பதாம் நாள். பகல் முழுக்கப் புழுங்கித் தள்ளியது. மூன்று மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. மூன்றே காலுக்கு முதல் பெரிய துளி எங்கள் ஜன்னல் கண்ணாடியில் விழுந்து உடைந்தது. ரோஹன் அன்றைய அறிக்கையைச் சரிபார்க்க என் அறைக்கு வந்திருந்தார். மூன்று இருபதுக்கு என் மேஜையில் போன் அடித்தது. எடுத்து, தகுந்த பதில் சொல்லி, வைத்தேன். வாரியத்தின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்ளாத சிறிய அழைப்பு. விவரம் பிறகு.

சரளா வானம் கறுத்ததுமே தொம்மலூரிலிருந்து ஓடிவந்தாளாம். வந்து பார்த்தபோது பின்சுவர் முதுகு வளைத்திருந்தது. கட்டிலில் எத்திராஜ். வாசல் குறுகல், கட்டில் உள்ளே வந்ததே காலைக் கழற்றித்தான். அவனை மட்டும் தூக்கினால் கட்டு உடைந்து எலும்பு குத்தும் என்று அவன் அலறினான். அவள் விக்கியின் கடைக்கு ஓடினாள். மழையில் லைன் இரண்டு முறை அறுந்து மூன்றாம் முறை பிடித்தது. 'விழுகிறது' என்று விக்கி அடித்தான். அதற்கும் கட்டம் இல்லை. 'விழுந்தது' என்று பொய் அடித்தான். எண் வந்தது. மணி மூன்று முப்பத்தொன்று.

ரோஹன் காபிக் கோப்பையை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகவே புறப்பட்டார். முப்பத்தெட்டு நொடி. அந்த மழையில், அந்தக் காற்றில். நீலசந்திராவின் சரித்திரத்தில் அது இன்றும் முறியடிக்கப்படாத சாதனை.

நான் ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று நாற்பது. மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் வெளியே வந்துவிட்டிருந்தார்கள். நான்கு பேர் கடப்பாரையால் சரளா வீட்டு நிலைவாசலைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள், கட்டிலை முழுசாக வெளியே எடுக்க. உள்ளே, சுவரின் வயிற்றில் ஒரு பலகையை வைத்து, பலகையில் முதுகை வைத்து, எதிரே அம்மிக்கல்லில் இரண்டு காலையும் உதைத்துக்கொண்டு சரளா உட்கார்ந்திருந்தாள். ஒரு மனுஷியால் இருபதடிச் சுவரைத் தாங்க முடியாது என்று பொறியியல் சொல்லும். பொறியியல் அன்று அங்கே வரவில்லை.

ரோஹன் வாசலில் நின்றார். பிரமாதமாக நின்றார்.

"நின்னது போதும். வா, இப்பிடி என் பக்கத்துல வந்து முதுகு குடு" என்றாள் சரளா.

"நீங்க மொதல்ல வெளில வாங்க. நான் அசெஸ் பண்ணணும்."

"நான் வெளிய வந்தா சுவரு உள்ள வந்துடும்பா. பேசாத. வந்து குந்து."

"நான் தாங்கற ஹீரோ இல்லக்கா. பறக்கற ஹீரோ."

"சரி. அவரத் தூக்கிக்கினு பற."

"என் வெயிட் மட்டும்தான் தூக்க முடியும்." அவர் குரல் நடுங்கியது. அதை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை. "எங்க ஏரியால இந்த மாதிரி வந்ததே இல்ல."

கட்டிலில் இருந்து எத்திராஜ் சொன்னான். "தம்பி, நீ போயிடு. கூட்டத்துக்கு வழி உடு."

அவர் மேலே கிளம்பினார். 'வான்வழி மதிப்பீடு' என்று அதற்குப் பெயர். ஐந்நூறு அடி உயரத்திலிருந்து எனக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினார்: சுவர் வீங்குகிறது. நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

சரளா என்னைப் பார்த்துவிட்டாள். முகம் முழுக்கச் சேறு.

"தேசிகன் சார். அண்ணனுக்குச் சொன்னீங்களா?"

"அவர் லீவுல இருக்காரும்மா."

"லீவெல்லாம் நமக்குத்தான். இந்த மாதிரி வானத்தப் பாத்தா அவரால ஒரு எடத்துல இருக்க முடியாது. கெளம்பி வந்துக்கினே இருப்பாரு, பாருங்க." பல்லைக் கடித்துக்கொண்டு காலை இன்னும் நன்றாக உதைத்தாள். "டேய், நீங்க கட்டில எடுங்கடா. எனக்கு அண்ணன் வர வரைக்கும் தாங்கும்."

நான் வாசலைப் பெயர்ப்பவர்களுக்கு இடைஞ்சல் ஆகாமல் தள்ளி நின்றேன்.

மூன்று ஐம்பத்தாறுக்கு நிலைவாசல் பெயர்ந்தது. கட்டிலோடு எத்திராஜ் வெளியே வந்தான், 'சரளா, சரளா' என்று சொல்லிக்கொண்டே. யாரோ "அக்கா, போதும், வா" என்றார்கள். அவள் எழுந்திருக்கக் காலை மடக்கினாள். மூன்று ஐம்பத்தெட்டுக்குச் சுவர் வந்தது.

மண்ணைத் தோண்டி அவளை எடுக்க மாலை ஆறரை ஆயிற்று. உயிர் இல்லை.

மறுநாள் வாரியத்தின் அவசரக் கூட்டம். பேரிடரைக் கையாண்ட விதம் குறித்துத் தலைவருக்கு ஒரே ஒரு சங்கடம்தான்.

"பொதுமக்கள் உயிரிழப்புன்னு ஒரு கட்டம் இருக்கே தேசிகன். அதுல ஒண்ணுன்னு போட்டா பையன் ரெகார்டு கெட்டுடுமே."

இப்படிப்பட்ட நேரத்தில்தான் அனுபவம் கை கொடுக்கிறது.

"சார், அந்தப் பொம்மனாட்டி சம்பவத்தும்போது என்ன பண்ணிண்டிருந்தா? சுவருக்கு முட்டுக் கொடுத்திண்டிருந்தா. அது யார் வேலை? மாவீரர் வேலை. ஆக, அந்த இருபது நிமிஷமும் அவ பொதுமக்கள்ல சேர்த்தியில்லை. தற்காலிகப் பணியாளர். பணியாளர் இழப்புக்கு இந்தப் படிவத்துல கட்டமே கிடையாது."

தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். 'பொதுமக்கள் உயிரிழப்பு: இல்லை' என்று அறிக்கை போயிற்று. 'ஆண்டின் சிறந்த பொறுப்பு மாவீரர்' விருதுக்கு ரோஹனின் பெயரை ஒருமனதாகப் பரிந்துரைத்தோம். அவர் வேண்டாம் என்று ஒரு முறை சொன்னார். அடக்கம் என்று அதையும் குறிப்பில் சேர்த்தோம். எத்திராஜிடம் வாரியத்தின் அனுதாபக் கடிதத்தை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். படித்தானா என்று தெரியாது. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினோராம் நாள் காலை நாராயணசாமி பணியில் சேர வந்தார். நேராக இடிந்த இடத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறார் என்பது காலில் இருந்த சேற்றைப் பார்த்தே தெரிந்தது. மகளுக்குப் பெண் குழந்தை, இருவரும் சுகம் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்தினேன். அவர் உட்காரவில்லை.

"சார்" என்றார். "அன்னிக்கு நீங்க சொன்னத நம்பி நான் திரும்பிப் போயிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். கத்தவில்லை. ஒரு பஸ்ஸைத் தூக்குகிற கை இரண்டையும் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று ரொம்ப நேரம் நின்றார். எனக்கு வேறு கோப்புகள் இருந்தன. பிறகு போய்விட்டார்.

மூன்று இருபதுக்கு வந்த அந்த போன் விவரத்தை விட்டுவிட்டேன் அல்லவா? நிர்வாகத்தில் நாங்கள் எதையும் மறைப்பதில்லை, தாமதமாகச் சொல்வோம்.

போன் செய்தது நாராயணசாமி. சந்தாபுரா பஸ் நிறுத்தத்தில், ஒரு ரூபாய் போட்டுப் பேசும் பூத்திலிருந்து. காலையில் ஆம்பூரில் மேற்குப் பக்கம் வானத்தைப் பார்த்தவர், வலியில் இருந்த மகளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாராம். சந்தாபுராவில் மழை பிடித்துக்கொண்டு பஸ் நகரவில்லை. அங்கிருந்து நீலசந்திரா இருபது கிலோமீட்டர். அவர் ஓடினால் கால் மணி நேரம்.

"சார், இங்க மழ கொட்டுது. அங்க எப்பிடி?"

"இங்கயும்தான்."

"அந்தத் தம்பி முதுகு குடுத்துட்டாரா சார்? இல்லன்னா சொல்லுங்க, இப்பவே ஓடியாறேன்."

லீவில் இருக்கும் மாவீரர் பணியிடத்துக்குள் நுழைந்தால், பொறுப்பு மாவீரரின் பத்து நாள் கணக்கும் செல்லாததாகிவிடும். விருது, அறிக்கை, தலைவர், எல்லாம். ஒரு கணம் யோசித்தேன். ரோஹன் என் எதிரில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"குடுத்துட்டார் நாராயணசாமி" என்றேன். "நல்லா அழுத்திக் குடுத்திண்டு நிக்கறார். நான் என் கண்ணால பாத்துட்டுத்தான் வரேன். நீங்க போய்ப் பொண்ணப் பாருங்க."

மறுமுனையில் அவர் மூச்சு விட்டது மழைச் சத்தத்திலும் கேட்டது.

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றார்.

"எங்க கடமைதானே" என்றேன்.